நாடியின் உயிர்ப்பை ஆய்ந்த ஜோன் ஹன்டர்

வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார் என்று நாம் கூறும்போது, மணிக்கட்டில் ஓடுகின்ற குழாயையும் அதன் துடிப்பையும் ஒரே சொல்லாற் குறிக்கின்றோம். தமிழ் வழக்கு இவ்விரண்டையும் வேறு பிரிக்காது விட்டமை மிகப் பொருத்தமானது. ஏனெனில், நாடி என்பது இரத்தம் ஓடும் வெறுங்குழாயன்று. தானே விரிந்து தானே சுருங்கும் உயிருள்ள உறுப்பு அது. இவ்வுண்மையை இன்று நாள்தோறும் எதிர்கொள்வோர் இருதய சத்திரவைத்தியர்கள். இருதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் முடியுரு நாடிகள் அடைபட்டவிடத்து, மார்பிலிருந்தோ கையிலிருந்தோ வேறொரு நாடியை எடுத்து ஒட்டி, அடைப்புக்கு அப்பால் இரத்தம் செல்ல வழி செய்கின்றனர். பைபாஸ் என்று யாவரும் வழங்கும் சிகிச்சை இதுவே. அவ்வாறு எடுக்கப்படும் நாடி, வைத்தியரின் கை பட்டதும் தொட்டாற்சுருங்கிபோல் ஒடுங்கிவிடுவதுண்டு. அவ்வொடுக்கம் நீங்காதிருப்பின் ஒட்டியதாற் பயனில்லை. நோயாளியின் உயிருக்கும் இடரே.

நாடிக்குத் தசையுண்டு, அத்தசைக்குத் தனக்கெனச் சுருங்கும் ஆற்றலுண்டு என்பதைத் தம் கையாலேயே பரிசோதித்துக் காட்டியோருள் தலைசிறந்தவர், 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வாழ்ந்த ஜோன் ஹன்டர் என்னும் சத்திரவைத்தியர். பிறர் நாடிகளை அறுத்தும் கட்டியும் அளந்தும் ஆராய்ந்த அவரை, இறுதியில் மாய்த்தவை அவர்தம் இருதயத்து முடியுரு நாடிகளே. நம் கல்லூரி விஞ்ஞான வகுப்பு மாணவர் அம்மைப்பால் கண்ட ஜென்னரின் பெயரை நன்கறிவர். அந்த ஜென்னருக்கு ஆசானாக விளங்கியவரை அறிந்தோர் மிகச் சிலரேயாதலின், அவர் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

ஸ்கொத்லாந்து தேசத்திலே, கிளாஸ்கோ நகருக்கு அண்மையிலுள்ள ஈஸ்ட் கில்பிரைட் என்னும் ஊர்ப்பகுதியில், லோங் கால்டர்வுட் என்ற பண்ணையில் 1728ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஜோன் ஹன்டர் பிறந்தார். பெற்றோருக்குப் பிள்ளைகள் பதின்மர், இவர் கடைக்குட்டி. பள்ளிக்கூடம் இவருக்கு வேம்பாயிற்று. முகில் ஏன் கலைகிறது, எறும்பும் தேனீயும் என்ன செய்கின்றன, இலையுதிர் காலத்தில் இலை ஏன் நிறம் மாறுகிறது என்று வயல்வெளியில் திரிந்து கேட்பதே இவருக்குக் கல்வி. கேட்கப்பட்டோர்க்கு விடை தெரியவில்லை; தெரிந்துகொள்ளும் விருப்பமும் இருக்கவில்லை. இத்தகைய பிள்ளைகளை அளப்பதற்கு நம் புள்ளியட்டவணைகளில் இன்றும் நிரலில்லை. 1741இல் தந்தையார் காலமானார். அதன்பின் இவர் கிளாஸ்கோவில் தளபாடம் செய்யும் மைத்துனரின் பட்டறையிற் சிலகாலம் வேலை பழகினார். உளியும் வாளும் பிடித்த அப்பழக்கம் பின்னாளில் வீண்போகவில்லை.

இவருக்குப் பத்தாண்டு மூத்தவரான வில்லியம் ஹன்டர் அப்பொழுது இலண்டனில் உடற்கூறு கற்பிக்கும் பள்ளியொன்றை நடத்திவந்தார். 1748இல், தம் இருபதாம் வயதில், ஜோன் தமையனாரிடம் போய்ச் சேர்ந்தார். தம்பியைச் சோதிக்கக் கருதிய தமையனார், இறந்தவர் ஒருவரின் கையைக் கொடுத்துத் தசைகளைப் பிரித்துக் காட்டுமாறு பணித்தார். அது செவ்வையாக முடிந்தது. அடுத்து, நாடிகளிலே நிறப்பொருள் ஏற்றப்பட்ட கையொன்றைக் கொடுத்து, தசையும் நாடியும் கெடாமற் பிரிக்கச் சொன்னார். அதுவும் முடிந்தது. ஓராண்டு கழிவதற்குள் மாணவரின் உடற்கூற்றுப் பயிற்சியை மேற்பார்க்கும் பொறுப்புத் தம்பிக்கு வந்தது. குளிர்காலந்தோறும் பிணவறையில் அறுப்பும் ஆய்வுமாக இவர் கழித்த ஆண்டுகள் பத்துக்கு மேல். அப்பிணங்கள் எங்கிருந்து வந்தன என்பது இனிய செய்தியன்று. புதைகுழிகளை இரவில் தோண்டி உடல்களைக் கவர்ந்து விற்போர் அந்நகரிற் பலர். உடற்கூற்றுப் பள்ளிகளே அவர்தம் வாடிக்கையாளர்.

செசல்டன், பேர்சிவல் பொட் ஆகிய பெரும் சத்திரவைத்தியரிடம் ஹன்டர் தொழில் கற்றார். 1755இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் இவரைச் சேர்த்தனர். இலத்தீனும் கிரேக்கமும் கற்க மனமின்றிச் சில வாரங்களில் வெளியேறினார். மொழி கற்பிப்போராகிய நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியன்று. அதன் பயனை அவரே அனுபவித்தார் என்றும் சொல்லவேண்டும்: கண்டது தெளிவு, எழுதியது சிக்கல் என்ற நிலை இறுதிவரை நீடித்தது. அவர் வசனத்தைத் திருத்தி உதவ நண்பர்கள் வேண்டியிருந்தனர். வகுப்பறையிற் பேசுவதும் அவருக்கு அச்சந்தரும் செயலாகவே இருந்ததாம்.

பிரான்சுடன் நடந்த போரில் இராணுவச் சத்திரவைத்தியராகச் சேர்ந்து, 1761இல் பெல்-ஈல் தீவு முற்றுகையிலும், பின்பு போர்த்துக்கலிலும் பணியாற்றினார். குண்டு பட்ட புண்ணை மேலும் கீறி அகலமாக்குவதே அக்கால வழக்கம். வைத்தியர் கைபடாது மறைந்திருந்த சில போர்வீரரின் புண்கள் தாமாகவே நன்கு ஆறியிருப்பதைக் கண்ட ஹன்டர், தேவையின்றிக் கீறுதல் தீதென உணர்ந்தார். 1763இல் இலண்டன் மீண்டு, பிழைப்புக்காகப் பல்வைத்தியர் ஒருவருடன் கூடித் தொழில் செய்தார். சேவலின் காற்குதியிலுள்ள முள்ளை அதன் கொண்டையில் ஒட்டி வளரச் செய்ததும், மனிதப் பல்லொன்றைச் சேவற்கொண்டையிற் பதித்து, அதனுள்ளே இரத்தக்குழாய்கள் சென்றதைக் காட்டியதும் இவருடைய புகழ்பெற்ற பரிசோதனைகள். ஓரிடத்து உறுப்பை வேறிடத்தில் ஒட்டினால் உயிர் பற்றும் என்ற கருத்துக்கு அவை வலுவூட்டின. ஆனால் அதன் நிழலையும் மறைத்தலாகாது. ஏழைச் சிறுவரின் நல்ல பற்களை விலைக்குப் பிடுங்கிச் செல்வர் வாயிற் பதிக்கும் வழக்கம் அந்நகரிற் பரவுவதற்கு இவருடைய ஆதரவு துணைநின்றது. அப்பற்கள் நெடுநாள் நிலைக்கவுமில்லை.

1767இல் றோயல் சங்கத்தின் அங்கத்தவராகவும், 1768இல் சென். ஜோர்ஜ் வைத்தியசாலையின் சத்திரவைத்தியராகவும் ஹன்டர் தெரிவு செய்யப்பட்டார். 1770 முதல் 1772 வரை இவர் இல்லத்தில் தங்கிக் கற்றவரே எட்வேர்ட் ஜென்னர். ஊருக்குத் திரும்பிய மாணாக்கர் ஓர் ஐயத்தை எழுதிக் கேட்டபோது, அதை எண்ணிக்கொண்டிருப்பானேன், பரிசோதித்துப் பார்க்கலாகாதா என்ற கருத்துப்பட இவர் விடையிறுத்தது வைத்திய உலகிற் பெரிதும் பேசப்படுவது. 1771இல் ஆன் ஹோம் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் கவிதை எழுதவல்லவர். இசைமேதை ஹைடன் அவர் பாடல்கள் பலவற்றுக்கு இசையமைத்தார். பிறந்த பிள்ளைகள் நால்வருள் இருவரே தங்கினர். 1776இல் அரசர் மூன்றாம் ஜோர்ஜின் சிறப்புச் சத்திரவைத்தியர் என்ற பதவியும் வந்தெய்தியது.

இனி, நாம் முதலிற் குறித்த நாடியாய்வுக்கு வருவோம். நாடி நீட்டினால் நீண்டு விட்டால் மீள்வது, இறப்பர் போன்ற மீள்தன்மையால் மாத்திரமா, அன்றித் தசைத்தொழிலும் அதில் உண்டா என்பது அக்காலத்து வினா. ஹன்டர் இதற்கு விடைகாணக் குதிரைகளை இரத்தம் வடித்துக் கொன்றார். இரத்தம் குறையக் குறைய நாடி தன்னால் இயன்ற மட்டும் சுருங்கும். அந்நிலையில் ஒவ்வோரிடத்து நாடியிலும் துண்டு வெட்டி, விரித்து அளந்தார். பின்பு அதை இழுத்து விட்டு, மீண்டும் அளந்தார். உயிர் நீங்கிய தசை இழுபட்டபின் மறுபடி சுருங்காது. மீள்தன்மை மாத்திரம் தன் வேலையைச் செய்யும். ஆகவே இரண்டு அளவுக்கும் உள்ள வேறுபாடே தசையின் சுருக்கம். இவ்வாறு அளந்தபோது, இருதயத்துக்கு அண்மையிலுள்ள பெருநாடியில் மீள்தன்மை மிக்கும் தசையாற்றல் குறைந்தும், இருதயத்தை விட்டு விலகிச் சிறுத்துச் செல்லுந்தோறும் தசையாற்றல் மிக்கும் இருக்கக் கண்டார். எளிய அளவுகோலும் கூர்த்த மதியும் தவிர இதற்கு வேறு கருவி இல்லை.

இன்னொரு பரிசோதனை இதனினும் அழகியது. வியாழக்கிழமை பிள்ளை பெற்ற ஒரு தாயின் கொப்பூழ்க்கொடியை, உள்ளிருக்கும் இரத்தம் வெளியேறாதவாறு கட்டி நஞ்சுக்கொடியுடன் வைத்திருந்தார். மறுநாட் காலை கொடியின் ஒரு பகுதியை வெட்டினார். இரத்தம் பீறிட்டு வந்தது. குழாய்களின் வாய் திறந்திருந்தது. மீள்தன்மை செய்யக்கூடியது அத்துணையே, அது உடனே முடிந்துவிடும். சனிக்கிழமை சென்று பார்த்தார். வாய்கள் சுருங்கி மூடியிருந்தன. தாயையும் சேயையும் பிரிந்து ஒருநாள் கழிந்த பின்பும் அந்த நாடி தன் தசையால் ஒடுங்கியது. பின்னும் ஒருநாள் கழித்துச் செய்தபோது அவ்வாற்றல் அற்றுப்போயிருந்தது. உடம்பை விட்டுப் பிரித்தெடுத்த நாடியும் சிலகாலம் உயிரோடிருக்கும், வெட்டினால் எதிர்வினை செய்யும் என்பது இதனாற் பெறப்படுகின்றது.

1785ஆம் ஆண்டு டிசம்பரில் ஹன்டர் செய்த சத்திரசிகிச்சை அவர் புகழை நிலைநாட்டியது. குதிரைவண்டி ஓட்டுநர் ஒருவரின் முழங்காற் குழியில் நாடி நைந்து பெரிதாகப் புடைத்திருந்தது. அது வெடித்தால் மரணம். தப்புவதற்குக் காலை வெட்டுவதே பலர் கண்ட வழி. ஹன்டர் புடைப்பைத் தொடவில்லை. அதற்கு வெகு மேலே, தொடையில், நோயற்ற நாடியைத் திறந்து கட்டினார். கால் அழுகவில்லை. சுற்றியுள்ள சிறு நாடிகள் விரிந்து, கட்டுக்குக் கீழே இரத்தம் கொண்டுசென்றன. ஓட்டுநர் ஆறு வாரங்களில் வைத்தியசாலை விட்டு நடந்தார். ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து வேறு காய்ச்சலால் இறந்தார். ரிச்மண்ட் பூங்காவிலே மானொன்றின் கழுத்து நாடியைக் கட்ட, குளிர்ந்துபோன கொம்பு சில நாளிற் பக்கவழி இரத்தத்தால் மீண்டும் வெப்பமுற்றதைக் கண்டே ஹன்டர் இதற்குத் துணிந்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், புடைப்புக்கு மேலே நாடியைக் கட்டுதல் அவருக்கு முன்னும் பிரான்சிற் செய்யப்பட்டதுண்டு. நோயுற்ற இடத்தை விட்டு விலகி, நல்ல நாடியைத் தெரிந்து கட்டியதும் பக்கவழியை நம்பியதுமே இவர் தனிச்சிறப்பு.

இவ்விரண்டு உண்மைகளும், அதாவது நாடி தசையாற் சுருங்கும் என்பதும் ஒன்று அடைபட்டால் மற்றொன்று விரிந்து ஈடுசெய்யும் என்பதும், இன்றைய பைபாஸ் சிகிச்சையில் எவ்வாறு வந்து கூடுகின்றன என்பதைச் சற்றுக் காண்போம். லெனின்கிராட் நகரில் கொலெசோவ் என்பவர் 1964இல் மார்பின் உட்புறத்து நாடியை முடியுரு நாடியுடன் தைத்தார். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஆர்ஜென்டீனரான பவலோரோ 1967இல் காலின் நாளத்தை எடுத்து ஒட்டினார். அதுவே முதலில் எங்கும் பரவியது. ஆயினும் நாளம், நாடியின் அழுத்தத்தைத் தாங்கப் பிறந்ததன்று; ஆண்டுகள் செல்லச் செல்லத் தடித்து அடைபடும். உள்மார்பு நாடியோ பத்தாண்டு கடந்தும் 100க்கு 90 அளவில் திறந்தேயிருக்கும். அதன் நடுச்சுவரில் மீள்தன்மையுள்ள படலங்கள் பல, தசை குறைவு. அதன் அகவணிக் கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவை நிறையச் சுரந்து தசையை இளக்கி வைக்கின்றன. அகவணிக்கு இவ்வாற்றல் உண்டென 1980இல் பேர்ச்கொட் என்பவர் காட்டினார்; 1998இல் அவருக்கும் வேறிருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது நாடி வேண்டின் வைத்தியர் நாடுவது கையின் ஆரை நாடியை. அதாவது, நம் வைத்தியர் பிடித்துப் பார்க்கும் அதே நாடியை. ஹன்டர் கூறியவாறே இருதயத்துக்குச் சேய்மையிலுள்ள அந்நாடியில் தசை மிகுதி. பாரிஸ் நகரில் கார்ப்பன்தியே என்பவர் 1971இல் அதனைப் பயன்படுத்தத் தொடங்கினார்; ஒட்டியவற்றுட் பல குறுகின, பல அடைபட்டன; ஓரிரு ஆண்டுகளில் அம்முறை கைவிடப்பட்டது. எடுக்கும்போதே தசை ஒடுங்கியது. ஒடுங்கியதை உலோகக் கம்பி நுழைத்து விரித்தனர். அதனால் அகவணி சிதைந்து, இளக்கும் சுரப்பும் அற்றது. எரியும் நெருப்புக்கு நெய் வார்த்தது போலாயிற்று. பதினைந்து ஆண்டுக்கு மேல் கழித்து, அடைபட்டதாகக் கருதிய அத்தகைய ஒட்டொன்று ஒருவரிடம் நன்கு திறந்திருக்கக் கண்டு வியந்தனர். அதன் பின்னரே, அக்கார் என்பவரும் கார்ப்பன்தியேயும் 1989இல் மீண்டும் அம்முறையை மேற்கொண்டு, 1992இல் தம் பெறுபேறுகளை வெளியிட்டனர்.

நாடியின் தசைக்கலத்துள் கல்சியம் புகுந்தால் தசை சுருங்கும். நரம்புகளும் சிறுநீரகத்து மேற்சுரப்பியும் விடும் நோரதிரனலீன், இரத்தச் சிறுதட்டுக்கள் விடும் துரொம்பொக்சேன், செரொத்தோனின், அகவணியே விடும் எண்டொதீலின் ஆகியன அப்புகுவாயைத் திறக்கும் ஏவலர்கள். பெரிய சத்திரசிகிச்சையின்போது இவையெல்லாம் இரத்தத்திற் பெருகி நிற்கும். குளிரும், இழுவையும், விரலின் அழுத்தமும் வேறு சேரும். ஆதலால் இன்றைய சத்திரவைத்தியர் ஆரை நாடியை வெறுமையாக உரித்தெடுப்பதைப் பெரும்பாலும் தவிர்த்து, உடனோடும் சிறு நாளங்களுடனும் கொழுப்புடனும் சேர்த்து எடுக்கின்றனர், கம்பி நுழைப்பதில்லை. பொப்பிச் செடியிலிருந்து முதலிற் பெறப்பட்ட பப்பவரீன், நைத்திரோகிளிசரின், கல்சியம் புகுவதைத் தடுக்கும் வெரப்பமில் போன்ற மருந்துகளில் அதனை ஊறவைத்து இளக்குகின்றனர். முடியுரு நாடியின் அடைப்புக் கடுமையாக இல்லாவிடின் ஆரை நாடியை ஒட்டுவதுமில்லை. பழைய வழியாகவே போதிய இரத்தம் ஓடினால், புதிய நாடி வேலையின்றி நூலாக மெலிந்துவிடும். கையிலிருந்து நாடியை எடுத்தபின் கை என்னாகும் என்று கேட்கலாம். மறுபக்கத்து நாடி உள்ளங்கையில் வளைந்து வந்து ஈடுசெய்யும். அது போதுமானதா என்று முன்கூட்டியே சோதித்தறிகின்றனர். வண்டி ஓட்டுநரின் காலில் ஹன்டர் நம்பிய அதே நீதி இங்கும் ஆளுகின்றது.

பிறருடைய நாடிகளை இவ்வளவு அறிந்தவருக்குத் தம் இருதயம் 1773இல் முதலாவது எச்சரிக்கையை விடுத்தது. வயிற்றின் மேற்பகுதியில் கடும் நோ. நாடித் துடிப்புப் பிடிபடவில்லை. மூச்சுத் தானாக வராமையால் வலிந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி முன் சென்று, பிணம் போல் வெளிறிய தம் முகத்தை ஆராய்ந்து பார்த்தார். முக்கால் மணிநேரம் இந்நிலை நீடித்தது. பின்னர் வந்த ஆண்டுகளிலும், சிறப்பாக 1785 முதலும், சிறிது விரைந்து நடந்தாலும் சினந்தாலும் மார்பிலும் கையிலும் நோ எழுந்தது. அக்காலத்தவர் இவற்றைப் பிடிப்பு அல்லது வலிப்பு என்னும் பொருள்படும் சொல்லாலேயே குறித்தனர். நாடியின் திடீர் ஒடுக்கத்துக்கு இன்றைய வைத்தியர் வழங்கும் ஆங்கிலச் சொல்லும் அதுவே.

எவ்வகை உணர்ச்சி நோவை எழுப்பியது என்பது வியப்புக்குரியது. தேன்கூட்டிலிருந்து ஈக்கள் கிளம்புமோ என்ற கவலை அதை எழுப்பிற்று. கொல்ல நினைத்த பூனை தப்பிவிடுமோ என்ற பதற்றம் எழுப்பிற்று. ஏள்ஸ் கோர்ட்டில் அவர் வளர்த்த சிறுத்தைகள் இரண்டு ஒருநாள் கூண்டை விட்டு வெளிவர, ஓடிச்சென்று கையாலேயே பிடித்து அடைத்தார். செய்த துணிகரத்தை நினைத்துப் பார்த்தபோதுதான் மயங்கும் நிலைக்கு வந்தார். ஆனால் நன்றியும் இரக்கமும் பொருந்திய கதையைக் கூறிக் கண்ணீர் சொரிந்தபோது நோ வரவில்லையாம். தம்மைச் சினமூட்ட விரும்பும் எந்தக் கயவனின் கையிலும் தம் உயிர் இருக்கிறது என அவரே சொல்லியிருந்தார். நோயுற்ற முடியுரு நாடி, மனக்கொதிப்பின்போது விரியவேண்டியதற்கு மாறாக ஒடுங்கும் என்பதை இன்றைய பரிசோதனைகள் காட்டியுள்ளன. அறிந்தும் அவர் சினத்தை ஆளவில்லை. தமையனாரோடும் அவ்வாறே. தாயின் இரத்தமும் கருவின் இரத்தமும் நஞ்சுக்கொடியிற் கலப்பதில்லை எனக் கண்டவர் யார் என்பது பற்றி 1780இல் இருவரும் பகைத்தனர். 1783இல் வில்லியம் இறந்தபோது குடும்பப் பண்ணையைத் தம்பிக்கு வைக்காது மருகருக்கு எழுதினார். அம்மருகரே பின் அதை ஜோனுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

இந்நோயின் காரணத்தை முதலிற் கண்டோருள் ஒருவர் ஹன்டரின் அன்பு மாணாக்கரான ஜென்னர். அஞ்சைனா என்னும் இம்மார்புநோவின் குறிகளை ஹெபர்டன் என்னும் மருத்துவர் 1768இல் விளக்கியிருந்தார், காரணம் புலப்படவில்லை. இந்நோயால் இறந்த ஒருவரின் இருதயத்தை ஜென்னர் அறுத்தபோது, கத்தி மணல் போன்ற கடினப்பொருளில் உரசியது. கூரையிலிருந்து சாந்து விழுந்ததோ என அண்ணாந்து பார்த்தாராம். பின்புதான் முடியுரு நாடியே என்பாக இறுகிக் கிடந்தமை தெரிந்தது. 1777இல் பாத் நகரில் ஆசிரியரைச் சந்தித்த ஜென்னர், அவருக்கும் அந்நோயே என ஐயுற்றார். தாம் கண்டதை வெளியிட்டால் அது ஹன்டரின் கண்ணிற் படும். தம் நோய்க்கு மருந்தில்லை என்பதை அவர் அறிந்துகொள்வார். எனவே ஜென்னர் வாளாவிருந்தார். எதையும் பரிசோதித்தறி என்று கற்பித்தவரிடமிருந்து ஒரு பரிசோதனையின் முடிவை மாணாக்கர் மறைத்தார். அது நன்றா தீதா என்று வகுப்பில் வாதிக்க வைத்தால் இருபக்கமும் பேச்சாளர் கிடைப்பர். நாம் ஜென்னரின் பக்கமே நிற்போம்; அந்நாளில் அவ்வறிவு ஹன்டருக்கு ஒரு நாளையேனும் கூட்டித் தந்திராது.

1793ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், சென். ஜோர்ஜ் வைத்தியசாலை நிருவாகக் கூட்டம். மாணாக்கராகச் சேர வந்த ஸ்கொத்லாந்து இளைஞர் இருவர்க்கு விதிகளின்படி வேண்டிய தகைமை இல்லை. அவர்க்காகப் பேச ஹன்டர் சென்றார். பேசுகையில் ஒருவர் மறுத்துரைத்தார். ஹன்டர் பேச்சை நிறுத்தி, சினத்தை அடக்கிக்கொண்டு அடுத்த அறைக்குச் சென்றார், ஒரு முனகல், அங்கு நின்ற மருத்துவர் ஒருவரின் கையில் விழுந்து உயிர்நீத்தார். வயது 65. உடலை அறுத்துப் பார்த்தபோது முடியுரு நாடிகள் என்பு போல் இறுகியிருந்தன. மறுவருடம் வெளிவந்த அவரது நூலில், குதிரையின் நாடிகளும் கொப்பூழ்க்கொடியும் பற்றிய பரிசோதனைகளோடு, மைத்துனர் எவரார்ட் ஹோம் எழுதிய வாழ்க்கைக் குறிப்பும் அப்பிரேதப் பரிசோதனை விவரமும் ஒருங்கே அச்சேறின.

அவர் சொல்லியன யாவும் நிலைக்கவில்லை. பால்வினை நோய்கள் இரண்டை ஒன்றென 1786இல் எழுதினார்; அவர் பெயரின் கனத்தால் அப்பிழை 1838இல் பிரான்சு நாட்டு ரிக்கோர்ட் திருத்தும்வரை நின்றது. இறக்கும்போது கடன் மிகுதி. சேர்த்த செல்வமெல்லாம் 14,000 வரையிலான உடற்கூற்றுப் பொருள்களே. வில்லியம் கிளிப்ட் என்ற இளைஞர் வாரம் 7 சிலிங் கூலிக்கு அவற்றை ஆண்டுக்கணக்கிற் காத்து நின்றார். 1799இல் அரசாங்கம் 15,000 பவுணுக்கு வாங்கிச் சத்திரவைத்தியர் கழகத்திடம் ஒப்புவித்தது. ஹோம் ஆசானின் கையெழுத்துப் பிரதிகளைத் தம் வீட்டுக்கு எடுத்துச்சென்று, தம் பெயரிற் கட்டுரைமேற் கட்டுரையாக வெளியிட்டு, 1823இல் மூலங்களைத் தீயிட்டார். கிளிப்ட் முன்னரே இரவிரவாக இருந்து பெயர்த்தெழுதி வைத்திருந்தவை மாத்திரம் தப்பின. 1859இல் ஹன்டரின் உடல் வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்துக்கு மாற்றப்பட்டது. 1941இல் வீழ்ந்த குண்டுகளால் அரும்பொருட்சாலையின் பெரும்பகுதி அழிந்தது.

அழியாது எஞ்சியவற்றுள் ஒன்று சார்ள்ஸ் பேர்ன் என்னும் அயர்லாந்து தேசத்து நெடுமனிதரின் எலும்புக்கூடு. தம் உடல் உடற்கூற்றாளர் கையில் அகப்படலாகாது, கடலில் அமிழ்த்தப்படவேண்டும் என்று வேண்டி, 1783இல் 22 வயதில் அவர் இறந்தார். ஹன்டர் பெரும்பொருள் கொடுத்து அவ்வுடலை இரகசியமாகப் பெற்றார். தம் கைக்கு வந்த உடல்களிடம் அனுமதி கேட்கும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. தம் அறிவுப் பசியை அவர் அதற்கு மேலாக மதித்தார். இருநூறு ஆண்டுக்கு மேல் காட்சியிலிருந்த அவ்வெலும்புக்கூடு, இலண்டனில் 2023ஆம் ஆண்டு மே மாதம் ஹன்டர் அரும்பொருட்சாலை மீளத் திறக்கப்பட்டபோது காட்சியறையில் வைக்கப்படவில்லை. கடலுக்கும் அது இன்னும் அனுப்பப்படவில்லை.